பௌர்ணமியன்று உறைந்துபோன மிஷின்

கல்லூரி முடித்த கையோடு நான் எழுதிய முதல் புரோகிராம், கிரிவலம் போகிறவர்களின் பைகளை வாங்கி வைக்கும் ஒரு கடைக்கு. பை கொடுப்பவரை கேமரா படம் பிடிக்கும், படம் டோக்கனில் அச்சாகும். படம் பிடிக்கும் பகுதி மட்டும் சி மொழியில், மற்றதெல்லாம் ஜாவா.

படத்துக்குப் படம் அந்த சி பகுதி தனியாக மெமரி எடுக்கும். வேலை முடிந்ததும் நாம்தான் அதை விடுவிக்க வேண்டும். நான் அந்த வேலையை ஃபைனலைசர் என்ற பகுதியில் போட்டுவிட்டேன். வேண்டாத பொருட்களை ஜாவா குப்பையாக அள்ளும்போது அதைக் கூப்பிடும். எப்போது அள்ளும் என்பதற்கு உத்தரவாதமில்லை. இதைப் படித்துமிருந்தேன். முடித்துக் காட்டும் அவசரம்.

கவுண்டரில் அடி அண்ணாமலையிலிருந்து வரும் ஒரு அக்கா. "இத்தினி படமும் உள்ளயே கெடக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அதுவே பாத்துக்கும்க்கா."

சாதாரண நாளில் முப்பது, நாற்பது பை. சாயந்திரம் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள், மெமரியும் காலியாகிவிடும். குறை எதுவும் தெரியவில்லை. பௌர்ணமியன்று காலையிலிருந்தே நூற்றுக்கணக்கில் பை; மத்தியானம் மூன்று மணிக்கு மிஷின் உறைந்தது. வரிசை தெருவரை. கடை முதலாளி கூப்பிட, ஓடினேன்.

"வேற எதையாவது அழுத்திட்டீங்களாக்கா?" என்றேன், எல்லார் முன்னாலும். என் மேல் எனக்கே சந்தேகம் வந்த பிறகுதான் அப்படிக் கேட்டேன்.

"நீ சொன்ன பட்டனைத் தவிர எதையும் தொடலப்பா."

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். "நாளைலேர்ந்து நீ பை அடுக்கு. வேற ஆளை உக்கார வெக்கிறேன்."

மறுநாள் வீட்டில் நூற்றுக்கணக்கில் படம் எடுத்துப் பார்த்தேன். ஜாவா பக்கம் ஒவ்வொரு படமும் துளியூண்டு பொருள். இடம் தாராளமாக இருந்ததால் அது குப்பை அள்ளவேயில்லை. சி பக்கம் நிரம்பிவிட்டது. அந்த மெமரியை விடுவிக்க க்ளோஸ் என்று ஒரு மெத்தட் எழுதி, பிழை வந்தாலும் தவறாமல் ஓடும் ஃபைனலி பகுதியில் அதைக் கூப்பிட்டேன். மொத்தம் பத்து வரி.

"புது வெர்ஷன் சார்," என்று மட்டும் முதலாளியிடம் சொன்னேன். அவர் முதுகில் தட்டினார்.

பைகளுக்கு நடுவிலிருந்து அக்கா எட்டிப்பார்த்தார். "இப்ப நான் தொட்டா நிக்காதில்ல தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். "நிக்காதுக்கா," என்றேன். தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் சைக்கிளை எடுத்தேன்.

அடுத்த பௌர்ணமியன்று அந்தப் பக்கம் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் தலையில் ஒரு பை, இரண்டு கையிலும் பை. பார்க்காத மாதிரி நடந்துவிட்டேன்.