துணையில்லாமல் ஒரு ஓட்டு

வாக்குச்சாவடியின் பிரிசைடிங் ஆபீசர் என்பவர், தனக்கே சரியாகத் தெரியாத சட்டத்தை ஊருக்கெல்லாம் விளக்கப் பணிக்கப்பட்டவர். டூட்டி ஆர்டர் வந்த அன்றே என்னைப் போலவே முதுகுவலி சர்டிபிகேட்டுக்காக டாக்டரைத் தேடி ஓடி, கிடைக்காமல் திரும்பிய சக ஆசிரியர்களே, இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தலைகீழ்

முதல் தடவை தேயிலை மலையில், சின்னக்கானலில். பார்வையில்லாதவர்களுக்காக வேட்பாளர் பெயர்களைப் பிரெயில் புள்ளிகளில் அச்சடித்து ஒரு தாள் தருவார்கள். விரலால் பெயரையும் எண்ணையும் படித்துவிட்டு, மெஷினில் அதே எண்ணைத் தடவிப் பார்த்துத் தானே அமுக்கலாம். கசங்கினால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அதைப் பைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தேன்.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கும் முத்தையா வந்தார். பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். தாளைக் கேட்டு வாங்கினார். நான் இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினேன். ஒரு வரி தடவியவர், தாளை அரைச்சுற்றுத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் கண்ணு தெரியாது. ஒங்களுக்கு என்ன சார் வந்துச்சு?"

வலது விரல்

அடுத்த தேர்தலுக்குள் மாற்றலாகிப் பாலக்காட்டுக்கு வந்துவிட்டேன். சாவடி நல்லேப்பிள்ளியில். பட்ட புத்தியில், தாளின் மேல்பக்கம் எதுவென்று பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்திருந்தேன்.

சரஸ்வதி என்ற, பார்வையில்லாத நாற்பது வயதுப் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தார் அவருடைய அண்ணன் வேலுச்சாமி, நெல் விவசாயி. துணைக்கு வந்து ஓட்டுப் போடுபவருக்கு வலது ஆள்காட்டி விரலில் மை வைப்பது விதி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் வலது விரலை நீட்டிவிட்டார். துணை வேண்டுமா என்று சரஸ்வதியைக் கேட்டேன். பதில் அண்ணனிடமிருந்து வந்தது.

"அவகிட்ட என்னத்துக்குங்க கேக்கறீங்க? எல்லா எலச்சனுக்கும் நாந்தானுங்க அமுக்கறது."

ஏழு விநாடி

தாள் இருக்கிறதா என்று சரஸ்வதி தாழ்ந்த குரலில் கேட்டார். போன தடவையும் கேட்டாராம். வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எந்த அதிகாரியின் பைக்குள் பத்திரமாக இருந்ததோ. எனக்கு வெட்கமாக இருந்தது. அம்புக்குறியைப் பார்த்து நேராகக் கொடுத்தேன்.

படித்து முடித்து, தனியாகத் தடுப்புக்குப் பின்னால் போனார். நேரம் ஆனது. கட்சி ஏஜென்டுகள் கடிகாரம் பார்த்தார்கள். அண்ணனுக்கு வியர்த்தது. கடைசியில் மெஷின் பீப் என்றது. சரஸ்வதி முகமெல்லாம் சிரிப்போடு வெளியே வந்தார்.

வேலுச்சாமி விடவில்லை. யாருக்கு விழுந்தது என்று காட்டும் சீட்டு ஏழு விநாடிதான் கண்ணாடிக்குள் தெரியும். அதைப் பார்க்க முடியாதவளுக்கு, நினைத்த ஆளுக்குத்தான் விழுந்தது என்று எப்படித் தெரியும் என்றார். இந்தத் தடவை பதில் சரஸ்வதியிடமிருந்து வந்தது.

"இத்தன வருசமா நாஞ் சொன்ன ஆளுக்குத்தான் நீங்க அமுக்குனீங்கன்னு எனக்கு எப்புடிங்ணா தெரியும்?"

மை படாத வலது விரலைப் பார்த்துக்கொண்டே வேலுச்சாமி படியிறங்கியதைக் கண்குளிரப் பார்த்த பிறகு, இனி எந்தத் தேர்தலுக்கும் முதுகுவலி சர்டிபிகேட் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மூட்டுவலிக்குக் கிடைக்குமா என்றுதான் விசாரிக்கிறேன்.