கிளீனர் சைடு

"என் பக்கம் சத்தம் வருதுங்க" என்று மனைவி முதன்முதலில் சொன்னபோது கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறிக்கொண்டிருந்தோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காதுகொடுத்துக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே கேட்காத சத்தம் அவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கும் என்று யோசித்தேன். ஆகவே முதல் சந்தேகம் அவள் காதின் மேல் விழுந்தது.

சந்தேகம் எனக்குக் கைவந்த கலை. காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். மாத்திரை அட்டையில் தேதியைக் கடைக்காரர் முன்னாலேயே படிப்பேன். திருமண அழைப்பிதழில் 'நல்விருந்து உண்டு' என்று போட்டிருந்தால், போடாமல் விட்டால் யார் வராமல் இருந்துவிடுவார்கள் என்று பயந்து போட்டார்கள் என யோசிப்பேன். நிறையப் படித்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. படித்ததில் எனக்குக் கிடைத்த பலன், மற்றவர்கள் சாதாரணமாகச் சந்தேகப்படும் இடத்தில் நான் காரணத்தோடு சந்தேகப்படுவேன் என்பதுதான்.

எங்கள் வண்டிக்குப் பன்னிரண்டு வயது. விளம்பரத்தில் அதை எஸ்.யூ.வி. என்பார்கள். கள்ளக்குறிச்சியில் 'பெரிய வண்டி'. மனைவி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியை. வாரம் முழுக்க அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்வாள். திங்கள் காலையில் நான் கொண்டுபோய் விடவேண்டும், வெள்ளி மாலையில் அழைத்து வரவேண்டும். ஒரு பக்கம் பாறை. இன்னொரு பக்கம் மரங்களின் தலை மட்டும் தெரியும், வேர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்படிப்பட்ட சாலை.

அடுத்த வாரமும் சொன்னாள். "வளைவுல திரும்பும்போது டொக்குனு கேக்குது. யாரோ கதவத் தட்டுற மாதிரி." ஜாக்கி ஆடுகிறது என்று தீர்ப்புச் சொல்லி, ஜாக்கியை எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். வெள்ளிக்கிழமை இறங்கும்போது அவள் சொன்னாள்: "ஜாக்கி வூட்டுல கீது. தட்டுறவங்க இங்கதான் கீறாங்க."

கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பாயின் பட்டறை. மூன்று வருடமாக அவரிடம்தான் வண்டி விடுகிறேன். பாய் அதிகம் பேச மாட்டார். அதுவே எனக்கு உறுத்தல். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "கிளீனர் சைடு பால் ஜாயிண்ட் போயிடுச்சி சார். மலைக்குப் போற வண்டி, மாத்திடுங்க. டிரைவர் சைடு இருக்கட்டும். தாங்கும்" என்றார்.

பால் ஜாயிண்ட் என்பது சக்கரத்தையும் வண்டியின் உடம்பையும் கோத்துப் பிடித்திருக்கும் மூட்டு. நம் தோள்பட்டையில் இருப்பது போல ஒரு கிண்ணமும் ஒரு குமிழும். தேய்ந்தால் ஆடும். ஆடியது கழன்றால் சக்கரம் ஒரு பக்கம் மடங்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு மரங்களின் வேர் எங்கே இருக்கிறது என்று நேரிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பாய் இரண்டு பக்கமும் மாற்றவேண்டும் என்று சொல்லியிருந்தால் பேராசை என்று நினைத்திருப்பேன். ஒன்றுதான் என்றதும் இது பொறுமை என்று நினைத்தேன். இன்றைக்கு ஒன்று, ஆறு மாதம் கழித்து இன்னொன்று. எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். "அதுவே சொல்லும் சார்" என்றார். ஓர் இரும்புத் துண்டின் வாக்குமூலத்துக்காகக் காத்திருக்கும் நிலையில் நான் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

சேலத்தில் கம்பெனி சர்வீஸ் ஒன்று உண்டு. குளிர் அறை, காபி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வண்டிகள். கழுத்துப்பட்டை கட்டியவர் ஒருவர் கையில் பலகை போன்ற ஒன்றைத் தட்டித் தட்டி ஒரு பட்டியல் தயாரித்தார். இரண்டு பக்கமும் மூட்டைத் தாங்கும் ஆர்ம் முழுசாக, எல்லா ரப்பர் புஷ்ஷும், நான்கு ஷாக் அப்சார்பர், வைப்பர் பிளேடு. வைப்பர் எதற்கு என்றேன். "வயசாயிடுச்சி சார்" என்றார். சொல்லும்போது என் தலையைப் பார்த்த மாதிரி இருந்தது. எதுவும் வேண்டாம் என்றதும், ஆபத்து என் பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். குறைவாகச் சொன்னவர் மேல் ஒரு சந்தேகம், அதிகமாகச் சொன்னவர் மேல் ஒரு சந்தேகம், இரண்டுக்கும் நடுவில் எழுத்துபூர்வமான ஓர் ஆபத்து. இவற்றோடு ஊர் திரும்பினேன்.

அப்புறம் இணையத்தில் படித்தேன். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றார் பனி பெய்யும் நாட்டிலிருந்து ஒருவர். தேவையே இல்லை என்றார் பாலைவனத்திலிருந்து இன்னொருவர். கல்வராயன் மலையிலிருந்து யாரும் எழுதவில்லை. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. மாற்றியாயிற்றா என்று மனைவி கேட்டாள். ஆய்வில் இருக்கிறது என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். வெள்ளிமலை வரைக்கும் பஸ். அதற்கு மேல் யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் நடை. அன்று யாரும் வரவில்லை என்பதை வெள்ளிக்கிழமை அவள் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி தள்ளிப்போட முடியாது. பாயிடமே போவது என்று முடிவெடுத்தேன், இரண்டு முன்னெச்சரிக்கைகளோடு. முதலாவது, சாமானை நானே வாங்குவது. கடையில் 'ஒரிஜினல்' என்று கொடுத்த டப்பாவில் மினுமினுக்கும் ஒட்டு ஒன்று இருந்தது. அதை வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பினேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. வேறு வழியில்லாமல் நம்பினேன்.

இரண்டாவதுதான் முக்கியம். புதியதைப் போட்டதாகச் சொல்லிவிட்டு பழையதையே துடைத்து விட்டுவிட்டால்? வேறு எவருடைய பழையதையோ என்னிடம் கொடுத்துவிட்டால்? அதனால் சனிக்கிழமை விடிந்ததும் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வண்டிக்கு எதிரில், பம்பருக்கு முன்னால் குப்புறப் படுத்தேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டேன். கிளீனர் சைடு என்றால் இடது. இடது கைப்பக்கம் ஊர்ந்து, சக்கரத்துக்கு உட்புறம் இருந்த மூட்டில் இரண்டு சிவப்புப் பொட்டு வைத்தேன். என் வயிறு இந்த வேலைக்கு அமைக்கப்பட்டதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, "இன்னா சார், பூனை உள்ள பூந்துகிச்சா?" என்றார். வாயில் டார்ச் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று மதியமே பாய் வேலையை முடித்துவிட்டார். வழக்கப்படி கழற்றிய பழையதை நியூஸ்பேப்பரில் சுற்றி என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். சிவப்பு இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. வாசலுக்கு ஓடி, காலையில் படுத்த இடத்திலேயே படுத்து, டார்ச் அடித்தேன். இரண்டு பொட்டும் அப்படியே பளபளத்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் மகிழ்ச்சி வந்தது. வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவனுக்கு ஒரு சந்தேகமாவது பலித்ததே என்ற மகிழ்ச்சி. மனைவியை இந்தச் சக்கரத்தின் மேல் உட்காரவைத்து மலை ஏற இருந்தோமே என்ற பயம் அதற்கும் பின்னால்தான் வந்தது. அந்த வரிசை எனக்குப் பெருமை தருவதல்ல.

பட்டறையில் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் பாதி மறந்துவிட்டது. மீதியைச் சத்தமாகச் சொன்னேன்.

"பாய், நீங்க மாத்தவே இல்ல. பழசுல மார்க் வச்சிருந்தேன். அது வண்டியிலயே இருக்கு."

பாய் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைத்தான் பார்த்தார். குனிந்து காட்டுவார், வாதாடுவார், சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

"மார்க் வச்சீங்களா" என்றார் மெதுவாக. "அப்ப வேற எடத்துல காட்டிக்குங்க சார்."

திரும்பிப் போய் ஒரு லாரியின் கீழே படுத்துக்கொண்டார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். காத்திருந்தவர்களில் ஒருவர், வடக்கனந்தலிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் மினி லாரிக்காரர், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நியாயத்துக்குக் கிடைத்த முதல் ஆதரவு என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் முழுக் கதையையும் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, எந்த நெயில் பாலிஷ் என்பது. அக்கா மகள் கல்யாணத்துக்கு வாங்கியதாம். பிறகு, "காட்டுங்க" என்றாள்.

இந்த முறை பார்வையாளர் இருந்ததால் கம்பீரமாகப் படுத்தேன். கையை நீட்டி, இதோ, இடது பக்கம், இரண்டு பொட்டு என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். எழுந்தாள். நான் காட்டிய சக்கரத்தை ஒட்டியிருந்த கதவைத் திறந்தாள்.

"எழுந்து பாருங்க" என்றாள். "நான் எப்ப இங்க உக்காந்தேன்?"

எழுந்து பார்த்தேன். கதவுக்குள் ஸ்டியரிங் இருந்தது.

பாய் சொன்னது கிளீனர் சைடு. எங்கள் வண்டியில் என்றைக்கும் கிளீனர் இருந்ததில்லை. அந்த இடத்தில் இருப்பவள் என் மனைவி. அவளும் முதல் நாளிலிருந்து 'என் பக்கம்' என்றுதான் சொன்னாள். இரண்டு பேரும் சரியாகச் சொன்னதை, படித்தவன் நான் 'இடது' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். வண்டிக்கு எதிரில் படுத்தவனுக்கு அவனுடைய இடது, வண்டியின் வலது. மூக்கு மண்ணில் இருக்கும்போது ஸ்டியரிங் கண்ணில் படாது. பட்டறையில் ஏன் யாரும் இடது, வலது என்று பேசுவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆள் நிற்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல் இடது மாறும். ஸ்டியரிங் மாறாது.

மறுபக்கம் போய் டார்ச் அடித்தேன். புத்தம் புதிய மூட்டு, கிரீஸ்கூடக் காயாமல் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் பாயின் பட்டறை உண்டு. தானும் வருவதாக மனைவி சொன்னாள். நான் ஏதாவது மாற்றிச் சொல்லிவிடுவேன் என்ற சந்தேகம் அவளுக்கு. அது நியாயமான சந்தேகம். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். பாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செவப்பு பார்த்தேன் சார். வேற எங்கனா காட்டியிருப்பீங்க, அவன் வச்ச மார்க்குன்னு நெனச்சேன். அவன் இன்னாத்துக்கு வச்சான்னு, அந்தச் சைட ரெண்டு தபா ஜாஸ்தி ஆட்டிப் பார்த்தேன். நல்லாத்தான் கீது." ஸ்பேனரை எடுத்துக்கொண்டே, "கேட்டிருந்தா நானே பெயிண்டு குடுத்திருப்பேன். நெயில் பாலிஷ் நிக்காது" என்றார்.

நேற்று எழுந்து போன மினி லாரிக்காரரைப் பற்றிக் கேட்டேன். எட்டு வருடமாக வருகிற ஆளாம். "இனிமே வர மாட்டாரு" என்றார் பாய், மழை வராது என்று சொல்வதைப்போல. நான் போய்ப் பேசுகிறேன் என்றேன்.

"இன்னான்னு சொல்லுவீங்க?"

"எனக்கு இடது வலது தெரியாதுன்னு சொல்றேன்."

பாய் சிரிக்கவில்லை. மனைவிதான் சிரித்தாள். டிரைவர் சைடை எப்போது மாற்றலாம் என்று, இந்த முறை பணிவோடு கேட்டேன். அவர் என் மனைவியைக் காட்டினார். "ஓட்டுறவருக்கு ரோடுதான் கேக்கும். மேடம் சொல்லுவாங்க, அன்னிக்கு எடுத்துக்கினு வாங்க."

திங்கள் காலையில் மலைக்குப் போகும் வழியில் வடக்கனந்தலில் நிறுத்தினேன். மினி லாரிக்காரர் வண்டியில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், நெயில் பாலிஷ் உட்பட. குப்புறப் படுத்ததைக் கையால் நடித்தும் காட்டினேன். அவர் கயிற்றைப் பிடித்தபடி முழுதும் கேட்டார். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"பாய் அனுப்புனாரா?"

இல்லை என்றேன். சரிங்க என்று மறுபடி முடிச்சுப் போட ஆரம்பித்தார். அந்தச் 'சரிங்க'வை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் சொல்வேன்.

வண்டியை எடுத்ததிலிருந்து அந்த மனிதரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன். ஒருவன் தன் முட்டாள்தனத்தை வலிய வந்து ஒப்புக்கொள்கிறான், அதற்குப் பின்னாலும் ஓர் ஆள் இருப்பார் என்று நினைக்கிற புத்தியை என்ன சொல்வது, எட்டு வருடம் பழகிய மெக்கானிக்கை ஒரே டீயில் கைவிடுகிறவன் எப்படிப்பட்டவன், இப்படி மனிதர்களை நம்பாமல் எப்படித்தான் வாழ்கிறார்களோ என்றெல்லாம். மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அணையைத் தாண்டினோம். முதல் வளைவு வந்தது.

"என் பக்கம் ஏதாவது கேக்குதா?" என்றேன்.

"நீங்க பேசறத நிறுத்துனா கேக்கும்" என்றாள்.