பிக்சர் டியூப் சாஸ்திரம்

எங்கள் சித்தப்பா டிவி மெக்கானிக். வீடியோ கேம் ஆடினால் பிக்சர் டியூப் போய்விடும் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவர் அவர்தான். காரணம் கேட்டால் ‘கதிர்வீச்சு’ என்பார். அதற்குமேல் கேட்க யாருக்கும் தைரியம் வராது.

அப்படிப்பட்டவர் வீட்டுக்கே சித்தி ஒருநாள் மகளுக்காக வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தாள். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பெட்டி. “இரு, சோதிச்சுப் பாக்குறேன்” என்று அதன் முன்னால் உட்கார்ந்த சித்தப்பா, மூன்று மாதம் சோதித்தார். மகளுக்கு முறை வரவேயில்லை.

ஏழாவது கட்டத்தில் அவர் தத்தளித்துக்கொண்டிருந்தபோது திரை இருண்டது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். டியூப் போயிருந்தது, வெறும் வயதுக் கோளாறு.

“நீங்க சொன்னது சரியாப் போச்சுங்க. இந்தச் சனியன நாளைக்கே யாருக்காவது தூக்கிக் குடுத்துடறேன்” என்றாள் சித்தி.

ஆமாம் என்றால் பெயர் நிலைக்கும், பெட்டி போய்விடும். சித்தப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“டியூபுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். கேம் ஆடினா டியூப் போகும்னு எவன் சொன்னான்? சுத்தப் புருடா.”

“நீங்கதான் சொன்னீங்க.”

“நான் சொன்னா நம்பிடுவியா? கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு, இன்னுமாடி என்னைத் தெரியல?”