மூன்றாம் வரிசை நிறைஞ்சிருக்கு

முட்டைக் கணக்குத் தாளைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து ராசாத்தாள் படித்ததை அக்பர் அலி ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். அவள் வேலை பார்த்த பல்லடத்துக் கோழிப்பண்ணைக்கு அவர் முதன்முதலாக வந்த நாள் அது. அடுத்த வாரம் கட்டம் பெரிசாக, எழுத்து கொட்டை கொட்டையாக அச்சடித்த தாள் வந்தது. எல்லாப் பண்ணைக்கும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். தனக்கு மட்டும்தான் என்று தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அவர் கோழிக் கம்பெனியின் உக்கடம் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தவர். ஐம்பதை நெருங்கிய மனிதர். நோன்பு மாசத்திலும் போனில் குரலில் சலிப்பு இருக்காது. கோழிக் கொட்டகையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து பகுதி. பகுதிக்கு எத்தனை முட்டை என்று ராசாத்தாள் எழுதி, மத்தியானம் போனில் வாசிப்பாள். அவர் அதைத் தட்டி, வெளியூரில் இருந்த கோழி டாக்டரின் கம்ப்யூட்டருக்கு டெலிபோன் லைனிலேயே அனுப்புவார். முட்டை குறைந்த வரிசையைப் பார்த்து, மருந்தா, கறிக்கு விற்பதா என்று டாக்டர் உத்தரவு போடுவார்.

தொண்ணூற்றாறு ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. மூன்றாம் வரிசைக் கிழட்டுக் கோழிகளை முதல் நாள்தான் விற்றிருந்தார்கள். அம்மனுக்கு விளக்குப் போட்ட கையால் "இல்லை" என்று எழுத ராசாத்தாளுக்கு மனசு வரவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தால் சொல்வது போல "நிறைஞ்சிருக்கு" என்று எழுதி, போனிலும் அப்படியே வாசித்தாள். கம்ப்யூட்டரோ அந்த இடத்தில் எண்ணைத் தவிர எதையும் வாங்காது. லைனில் இரைச்சல் வேறு. அக்பர் அலி திரும்பக் கேட்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அங்கப்பன் வந்தார். "நாலாம் வரிசைல முட்டை கொறைஞ்சு போச்சாம், கறிக்கு ஏத்தச் சொல்லீட்டாங்க. சாயங்காலம் லாரி வருது."

"ஏனுங்க, அது நல்லா முட்டை வெக்குதுங்களே! சீக்கு அஞ்சாவதுலதானுங்களே?"

"டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும். அஞ்சாப்பு படிச்சவ!"

"அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியுமுங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்தாள்.

"பாய்ங்க, நானூறு கோழிங்க. அத்தனையும் நல்ல உசுருங்க."

"நேத்து வாசிச்சதை இன்னொருக்கா வாசிங்க அம்மணி."

வாசித்தாள். மூன்றாவதில் அவர் நிறுத்தினார். "நிறைஞ்சிருக்குன்னா எத்தனைங்க?"

"ஒண்ணுமே இல்லீங்க."

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "தப்பு எம் பேர்லதான். லாரியை நிறுத்தச் சொல்றேன். டாக்டர்கிட்ட நானே ஒத்துக்கறேன்," என்றார். சொன்னபடி செய்தார். லாரி வரவில்லை. ஐந்தாம் வரிசை இளங்கோழி என்பதால் அதற்கு மருந்து வந்தது.

அடுத்த வாரம் பஸ் ஏறி நேரிலேயே வந்தார். "எல்லா எண்ணையும் ஒரே நீளமாக் கோத்து அனுப்பிச்சனுங்க. டாக்டரோட மிஷினு அஞ்சஞ்சா எண்ணி வரிசை வரிசையாப் பிரிச்சுக்கும். நடுவுல ஒரு வரிசை விட்டுப்போச்சா, பின்னாடி இருக்கறதெல்லாம் முன்னாடி ஏறி உக்காந்துக்கிச்சு. கடைசி வரிசைதான் காலின்னு நெனச்சுட்டாங்க."

"இப்ப என்ன பண்ணுவீங்க?"

"பெரிய பட்டியலுக்குள்ள வரிசைக்கு ஒரு சின்னப் பட்டியலைப் பேரில்லாம மொட்டையா வெச்சா மிஷினு வாங்காதுங்க. அதனால கம்ப்யூட்டருக்குள்ளயே வரிசைக்கு ஒரு பெட்டி மாதிரி செஞ்சுபோட்டேன். பெட்டி மேல வரிசையோட பேரு, உள்ள எண்ணுங்க."

"உள்ள வெக்க எதுவும் இல்லீன்னா?"

"வெறும் பெட்டி போகும். அதோட எடத்துல அது இருக்கும்."

"சைபர் போடோணுங்களா?"

"ஐயோ, போட்டுறாதீங்க. சைபர்னா கோழி இருந்தும் முட்டை வெக்கலைன்னு ஆயிரும். நீங்க நிறைஞ்சிருக்குன்னே வாசிங்க. நான் புரிஞ்சுக்கறேன்."

அங்கப்பன் அதற்குப் பிறகு, எந்த உத்தரவு வந்தாலும் ராசாத்தாளை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் லாரியை வரச்சொன்னார்.

தொண்ணூற்றொன்பதில் அக்பர் அலி வேலையை விட்டு, பாலக்காட்டில் மகள் வீட்டோடு போவதாக முடிவாயிற்று. சொல்லிக்கொள்ளப் பண்ணைக்கு வந்தார். ராசாத்தாள் ஒரு டஜன் முட்டையை உமி போட்டுப் பொதிந்து கொடுத்தாள்.

"நாளைக்கு நான் போன் பண்ணுனா உங்க சீட்டுல யாருங்க இருப்பாங்க?"

அவர் முட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"நிறைஞ்சிருக்குன்னு எழுதிக்குங்க அம்மணி. வாரேனுங்க."