கோடு போடாத ஒரு வரி

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்த அக்கா ஒருவர் தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தார். அமெரிக்க இலக்கியத் தாள் ஒன்றுதான் அரியர். இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டிருந்தார். இந்த முறையும் போனால் கெடு முடிந்துவிடும். பாஸானால் மேல் வகுப்பு தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் சொல்லிக்கொடுத்தேன். பாடமாக இருந்த நாவலில் உவமைக்குப் பச்சைக் கோடு, உருவகத்துக்குச் சிவப்பு, உயிரில்லாததை உயிருள்ளதாகச் சொன்னால் நீலம். நாவலை ரசிக்க வேண்டியதில்லை, கோடு போடத் தெரிந்தால் போதும் என்பது என் கட்சி. எனக்குப் பொறுமையும் குறைவு.

அக்கா நன்றாகவே கோடு போட்டார். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டார். வயலிலிருந்து திரும்புகிற விவசாயியை மலை பார்த்துக்கொண்டிருந்தது என்கிற வரி.

"இதுக்கு ஏங்க்கா நீலம் போடல?"

"இது உள்ளதைச் சொல்றதுதானுங்களே டீச்சர். மலை பாக்காமயா இருக்கும்?"

அவருக்குத் தீர்த்தமலை அடிவாரத்தில் ஊர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மூன்று நாள் அந்த வரியோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் எரிச்சல் தாங்காமல், "மலை வெறும் கல்லுங்க்கா. அதுக்கு உயிரில்லன்னு எழுதுங்க, மார்க் வரும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் எழுதிக்கொண்டார்.

தேர்வில் அந்தப் பகுதியே வந்தது. அக்கா பாஸாகிவிட்டார். கைபேசியில் முடிவைப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் பாதி வெற்றி என்னுடையது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை இனிப்பு கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீட்டியது திருநீற்றுப் பொட்டலம்.

"நேத்து தீர்த்தமலை ஏறிட்டு வந்தேனுங்க."

"பாஸானதுக்கு வேண்டுதலாக்கா?"

"அதில்லீங்க டீச்சர். உசுரில்லாத கல்லுன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்துட்டேன் இல்லீங்களா? மன்னிப்புக் கேக்கப் போனேன்."

அவர் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"சொல்லிக்குடுத்தது நீங்கதான்னு சொல்லிட்டேனுங்க. உங்களுக்கும் சேத்துத்தான் கேட்டேன்."