ஊதாப் பிடிச் சவரக்கத்தி

கார்த்திகை மாதத்தில் சவரக்கத்தி வாங்க ஆளை வரச்சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவராகத்தான் இருக்க முடியும். அவரைத்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள்.

என் வீட்டுக்காரர் வேல்பாண்டிக்கு மார்க்கையன்கோட்டையில் இரண்டு காரியத்தில் பெயர். ஒன்று, அவர் செய்யும் மடக்குச் சவரக்கத்தி. இன்னொன்று, மீசை. பெண் பார்க்க வந்த அன்று, நுனி நனையாமல் அவர் காபி குடித்த அழகைப் பார்த்துத்தான் நான் தலையாட்டினேன். இதை வெளியில் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சின்னமனூர் லேத் பட்டறையில் கரும்பு வெட்டும் கத்திக்கும் வாழைத்தார் அரிவாளுக்கும் சாணை பிடித்துக்கொண்டிருந்தவர். எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் சவரக்கத்தி செய்வதை ஒருநாள் போனில் பார்த்தார், அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். லாரி பேரிங் இரும்பைக் காய்ச்சி, அடித்து, தேய்த்து அலகு செய்வார். பிடி ரெசினில். சாயம் கலந்து ஊற்றிவைத்தால் விடிவதற்குள் கல்லாக இறுகிவிடும். வாழைக் குருத்துப் பச்சை, மிளகாய்ப்பழச் சிவப்பு, ஜிகினா தூவிய மஞ்சள் என்று விதவிதமாக ஊற்றுவார். முதல் தடவை ஊற்றியது என் இட்லித் தட்டில். அன்று நான் பேசிய பேச்சு கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அலகைத் தீட்டுவது மட்டும் என் வேலை. அவருக்குப் பொறுமை கிடையாது. கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, போதும் என்பார். நான் கல்லில் தேய்த்து, தோல்வாரில் தீட்டி, ஒற்றை முடியைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்த்த பிறகுதான் கீழே வைப்பேன்.

ஒன்றும் இரண்டுமாகத்தான் விற்றது. ஒரு கடையாவது மொத்தமாகக் கேட்கவேண்டும், இல்லையென்றால் பொங்கலுக்குப் பிறகு லேத்துக்கே திரும்பிவிடுவேன் என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். சொன்ன அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நேரத்தில்தான் குமுளியில் பெரிய சலூன் வைத்திருக்கும் ஷிபு போன் செய்தார். கடையில் நாற்காலிக்கு ஒரு நிறமாகக் கத்தி வேண்டுமாம். இவர் மாதம் கிழமை எதுவும் யோசிக்காமல், நாளைக்கே வாங்க என்றுவிட்டார். வருகிறவருக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று, காலையில் கன்னத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை மழித்துக்கொண்டும் நின்றார்.

ஷிபு கறுப்பு வேட்டியும் மாலையுமாக வந்து இறங்கினார். திராட்சை ஊதாவில் பிடி போட்ட கத்தியைக் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. திறந்தார், மடக்கினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கொள்ளாம் சேட்டா. ஆனா முடிய வெட்டி எல்லாரும் காட்டுவாங்க. எனக்கு மொகத்துல ஓடணும். எரியாம ஓடுதான்னு பாக்கணும்."

"அதுக்கென்ன சாமி, இந்தா ஆளக் கூட்டியாறேன்" என்று இவர் தெருவில் இறங்கினார்.

மற்ற மாதமாக இருந்தால் இலவசச் சவரத்துக்கு ஆள் வரிசை கட்டும். அன்று பக்கத்து வீட்டுப் பேச்சிமுத்து மாலை போட்டிருந்தார். எதிர்வீட்டு விஜய்ராஜும் மாலை. டீக்கடை பெஞ்சு முழுக்கக் கறுப்பு வேட்டி. மலைக்குப் போய் வரும்வரை ஒருவரும் தாடியில் கை வைக்க மாட்டார்கள். ஷிபுவின் தாடியும் அதே கணக்குத்தான். ஊரில் மாலை போடாத முகம் என் வீட்டுக்காரருடையது மட்டும்தான், அதையும் காலையிலேயே வழித்துப்போட்டாகிவிட்டது.

ஷிபு கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார். "சீசன் நேரம், கடையில ஆளில்ல. பின்ன நோக்காம் சேட்டா."

அப்புறம் பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்றுதான் அர்த்தமென்று எல்லைப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்குத் தெரியாதா? இவருடைய கை தானாக மீசைக்குப் போயிற்று. பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னய எதுக்குப் பாக்குறீக? மீச உங்க மூஞ்சியிலதான இருக்கு."

வாய்தான் அப்படிச் சொன்னது. நான் கட்டிக்கொண்டதே அந்த மீசைக்காகத்தானே.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மீசையில் நுரை போட்டுக்கொண்டார். கத்தியை மூக்கு வரைக்கும் கொண்டுபோனவர், அதைத் திருப்பி என்னிடம் நீட்டினார். "பவானி, நீயே எடுத்துவிடு."

"மாமா, நான் தீட்டத்தான செஞ்சிருக்கேன். ஒரு மொகத்துலயும் வச்சதில்லயே."

"நீ தீட்டுனது எப்பிடி ஓடும்னு ஒனக்குத் தெரியாதா? இழு புள்ள."

மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். சரசரவென்று இறங்கியது. பாதி மீசையோடு அவரைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, மீதியையும் எடுத்துவிட்டேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை. வெயில் படாத அந்த இடம் மட்டும் தோலுரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஷிபு குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"அடிபொளி! எல்லா நாற்காலிக்கும் செஞ்சிருங்க சேட்டா." அதோடு நிறுத்தாமல் என் பக்கம் திரும்பினார். "சேச்சி, நீங்க எங்க கடைக்கு வேலைக்கு வர்றீங்களா? இந்த மாதிரிக் கை எங்கிட்ட ஆருமில்ல."

என் வீட்டுக்காரர் மூக்கு நுனியில் நுரையோடு துள்ளி எழுந்தார்.

"சாமி, மீசையக் குடுத்துட்டேன். கத்தியக் குடுக்குறேன். இவளக் கேக்காதீக. கேட்டா ஆர்டரே வேணாம், கெளம்புங்க."

தெருவில் நின்ற சாமிகளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஷிபுவும் சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு, ஆர்டரை உறுதி செய்துவிட்டுத்தான் போனார்.

வேலைக்கு வர முடியாது என்று ஷிபுவிடம் சொல்லத்தான் நானும் வாயெடுத்திருந்தேன். மீசை முறுக்குகிற அளவுக்கு வளரட்டும். அதுவரை இதை அவரிடம் சொல்வதாக இல்லை.