காரணம் கேட்கும் ஹேமலதா

இரண்டு டம்ளரிலும் தண்ணீரை ஊற்றிவிட்டு, குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறார் ஹேமலதா. இடது டம்ளரில் ஒரு வாய் அதிகம். அதைச் செம்பில் திருப்பி ஊற்றுகிறார். பிறகு கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து, தன் நாற்காலிக்கும் எதிரே இரு தரப்பாருக்கும் போட்ட இரண்டு நாற்காலிகளுக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார். இந்தப் பக்கம் நாலடி, அந்தப் பக்கமும் நாலடி.

"இன்னாம்மா, தண்ணிக்கும் தராசு வெச்சிகினு கீறியா?" என்பார் சங்கத் தலைவர் சம்பந்தம். ஆரணியில் அது ஒரு பட்டு வியாபாரிகள் சங்கம். ஹேமலதா அதன் கிளார்க். வியாபாரத் தகராறு வந்தால் தலைவர்தான் தீர்த்துவைப்பார். ஒரு தரப்பார் கடையிலிருந்து வந்த காப்பியை ஆற்றிக் குடித்தபடியே அவர் தீர்ப்புச் சொல்ல, இவர் அதை நோட்டில் எழுதுவார். ஏன் அந்தத் தீர்ப்பு என்று தலைவரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஹேமலதாவுக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாய் நிற்கும்.

தொண்ணூற்றொன்பதில் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தார். வணிகத் தகராறுகளில் நடுவராக இருந்து தீர்த்துவைப்பதற்கு முதுநிலைப் பட்டயப் படிப்பு, தபால் வழியில். பி.காம். போதும், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. முப்பத்தேழு வயதில் மனுப் போட்டார். "கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் இல்ல, பஞ்சாயத்து பண்ணப் படிக்குதாம்" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஹேமலதா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை விடியற்கால பஸ் பிடித்துச் சென்னை வகுப்புக்குப் போவார். சுற்றிலும் இளம் வக்கீல்கள். பாடப் புத்தகத்தில் எல்லா வழக்கும் கப்பல், துறைமுகம், சிமெண்டு. இவர் கப்பலையே பார்த்ததில்லை. அதனால் கப்பல் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் லாரி என்று எழுதினார். சிமெண்டைப் பட்டு நூலாக்கினார். அதன் பிறகு எல்லாம் புரிந்தது. ஒரே ஒரு வரியின் கீழ் மட்டும் இரண்டு முறை கோடு போட்டிருக்கிறார்: நடுவர் தம் தீர்ப்புக்கான காரணத்தை எழுத வேண்டும்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் எண்பத்து நாலாம் வருஷத்துத் தை மாதம் இருக்கிறது. பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை பரசுராமன் தாய் தகப்பனோடு ஹேமலதாவைப் பெண் பார்க்க வந்தார். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். வீடு நாலு தெரு தள்ளித்தான். சொல்லியனுப்பவேயில்லை. வேண்டாம் என்றிருந்தால்கூட ஆறியிருக்கும். என்ன குறை என்று தெரியாமலே அந்தப் பெண் காத்திருந்தாள். அடுத்து வந்த இரண்டு வரன்களையும் வேண்டாமென்றாள். இத்தனை வருஷத்தில் பரசுராமன் சங்கத்துக்கு எத்தனையோ முறை வந்துவிட்டார். ஹேமலதாவைப் பெயர் சொல்லியோ, முறை சொல்லியோ கூப்பிட்டதில்லை. "ஏங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்.

படித்து முடித்து இரண்டு வருஷம் ஒருவரும் கூப்பிடவில்லை. சான்றிதழ் பீரோவில் கிடந்தது. இரண்டாயிரத்து மூன்றில்தான் முதல் வழக்கு வந்தது. நாற்பது முகூர்த்தப் புடவைகளில் அரக்குக் கரையின் சாயம் சந்தன நிற உடலில் இறங்கிவிட்டது. புடவை பரசுராமனுடையது, சாயம் போட்டவர் சேவூர் ஜெயவேல். சாயம் மட்டம் என்றார் ஒருவர். "ஜல்தி ஜல்தின்னு அலசி முடிக்கறதுக்குள்ள நூலைத் தூக்கிகினு போனது யாரு?" என்றார் மற்றவர். தலைவர் கை விரித்தார். "ஹேமலதாம்மா ரெண்டு பேரையும் தெரிஞ்சவங்க, அவங்களே சொல்லட்டும்" என்றார் ஜெயவேல். பரசுராமன் சுவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

இருவரையும் தெரியும் என்பது ஊருக்குத் தகுதி. ஹேமலதா படித்த சட்டத்திலோ, அதை முதலில் எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னால் கையில் வந்த ஒரே வழக்கும் போகலாம். பழைய சங்கதி ஜெயவேலுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை அடிக்கிற கை, அந்த நாலு வரியை அடிக்க ஒரு காலைப்பொழுது எடுத்துக்கொண்டது.

விசாரணை அன்று, தண்ணீரும் நாற்காலியும் சரிபார்த்தபின், தாளை எடுத்து அவரே வாசித்தார். "முதல் தரப்பினர் திரு. பரசுராமன் 1984இல் என்னைப் பெண் பார்க்க வந்தார். சொல்லியனுப்புவதாகச் சொன்னவர்கள் சொல்லியனுப்பவில்லை. அதில் எனக்கு மனவருத்தம் உண்டு. இதனால் என் நடுநிலையில் ஐயம் இருந்தால் நான் விலகிக்கொள்கிறேன்."



"இதெல்லாம் எதுக்குங்க எழுதிகினு" என்றார் பரசுராமன், மேசையைப் பார்த்து. "பழைய கதை."

"எழுதித்தான் ஆவணும். நான் வேணாம்னா, வேணாம்னு எழுதுங்க" என்றார் ஹேமலதா. "காரணத்தோட எழுதுங்க."

ஜெயவேல் அந்தத் தாளின் அடியிலேயே ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பரசுராமன் பேனாவை வெகு நேரம் பிடித்திருந்தார். கடைசியில் அவரும் அதையே எழுதினார். எழுதியபின் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது வெளிய போவ வேணாங்க" என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஹேமலதாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

ஹேமலதா கையை நீட்டினார். நீட்டிய கையை எடுக்கவில்லை. தாள் திரும்பி வந்ததும், மேசையில் வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவி, இரண்டு துளை போட்டு, ஃபைலில் முதல் பக்கமாகக் கோத்தார்.